ஒரே பிரசவத்தில் மூன்று, நான்கு, ஒன்பது: குழந்தைகளின் நலத்தைத் தீர்மானிப்பது எது?

2021 மே மாதத் தொடக்கத்தில், மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரில் உள்ள ஒரு மருத்துவமனையில், மாலி நாட்டைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவர் சிசேரியன் மூலம் ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். ஸ்கேனில் ஏழு குழந்தைகளே தெரிந்திருந்தன. மேலும் இருவர் உள்ளே இருப்பது அறுவை நடந்தபோதுதான் தெரியவந்தது. ஐந்து பெண், நான்கு ஆண். ஒவ்வொன்றின் எடையும் அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடைப்பட்டது. ஒன்பதும் பிழைத்தன. இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1971 ஜூனில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு தாய்க்கு இதேபோல் ஒன்பது குழந்தைகள் பிறந்தன. இரண்டு இறந்தே பிறந்தன. மற்ற ஏழும் ஒரு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோயின.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது நம் கண் முதலில் போவது எண்ணிக்கையின் மீதுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் பிழைப்பார்களா, பிழைத்தால் எப்படி வளர்வார்கள் என்று அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவை எத்தனையாவது வாரத்தில் பிறந்தன? காசாபிளாங்காக் குழந்தைகள் பிறந்தது 30-ஆவது வாரத்தில். இக்கட்டுரை அந்த வாரக் கணக்கைப் பற்றியது. அது ஏன் குறைகிறது, குறைந்தால் குழந்தையின் உடலில் என்னென்ன முற்றுப்பெறாமல் நிற்கின்றன, அவற்றை மருத்துவம் எப்படி ஈடுசெய்கிறது என்பதைப் பற்றியது.

ஒரு சூலில் இரண்டு குழந்தைகள் இருப்பதை இரட்டை என்கிறோம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அதை மருத்துவர்கள் தனி வகையாக எண்ணுகிறார்கள். இயற்கையில் இது எவ்வளவு அரிது என்பதற்கு 1895-இல் டியோனிசியஸ் ஹெலின் என்பவர் ஓர் எளிய வாய்பாட்டைச் சொன்னார். ஏறத்தாழ 89 பிரசவங்களில் ஒன்று இரட்டை என்றால், மூன்று குழந்தைகள் பிறப்பது 89-ஐ 89-ஆல் பெருக்கினால் வரும் 7,921-இல் ஒன்று. நான்கு பிறப்பது ஏறத்தாழ ஏழு லட்சத்தில் ஒன்று. இது துல்லியமான விதி என்று கொள்ளக் கூடாது; நாட்டுக்கு நாடு, தாயின் வயதுக்கு வயது இது மாறும். அரிதின் அளவை மனத்தில் இருத்திக்கொள்ள உதவும் கணக்கு, அவ்வளவே.

இந்த அரிதான நிகழ்வு கடந்த நூற்றாண்டின் கடைசியில் அரிதாக இல்லாமல் போனது. சினைமுட்டைகள் முதிர்வதைத் தூண்டும் மருந்துகள் வந்தபின், ஒரு மாதத்தில் ஒன்றுக்குப் பதில் நான்கைந்து முட்டைகள் வெளிப்பட வாய்ப்பு ஏற்பட்டது. ஐ.வி.எஃப். சிகிச்சையில், ஒன்றாவது தங்கட்டும் என்ற எண்ணத்தில் பல கருக்களைக் கருப்பையில் வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1997 நவம்பரில் பிறந்த ஏழு குழந்தைகள் முட்டை தூண்டும் மருந்தினால் உண்டானவை. கலிபோர்னியாவில் 2009 ஜனவரியில் பிறந்த எட்டுக் குழந்தைகள், பன்னிரண்டு கருக்களை ஒரே முறையில் வைத்ததால் உண்டானவை. அந்த மருத்துவர் பின்னர் தம் உரிமத்தை இழந்தார். அமெரிக்காவில் மூன்றும் அதற்கு மேலுமான பிறப்புகளின் விகிதம் 1998-இல் உச்சத்தைத் தொட்டது. ஒரு லட்சம் பிறப்புகளில் 193-க்கும் மேல். எத்தனை கருக்களை வைக்கலாம் என்பதற்கு மருத்துவச் சங்கங்கள் வரம்பு வகுத்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தத் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு எது என்று என்னைக் கேட்டால், எந்தக் கருவியையும் சொல்லமாட்டேன். இந்த வரம்பைத்தான் சொல்வேன்.

இனி வாரக் கணக்குக்கு வருவோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுமையான சூல் 40 வாரம். ஒற்றைக் குழந்தை சராசரியாக 39-ஆவது வாரத்தை ஒட்டிப் பிறக்கிறது. அமெரிக்கக் கணக்குகளின்படி, இரட்டை என்றால் சராசரி 35 வாரம், மூன்று என்றால் 32, நான்கு என்றால் 29 அல்லது 30. சராசரி எடையும் அதே வழியில் சரிகிறது: ஒற்றைக் குழந்தைக்கு 3.3 கிலோ, இரட்டையில் ஒவ்வொன்றுக்கும் 2.3, மூன்றில் 1.7, நான்கில் 1.3, ஐந்தில் ஒரு கிலோ. கூடுதலாக வரும் ஒவ்வொரு குழந்தையும் எல்லோருடைய காலத்திலிருந்தும் ஏறத்தாழ மூன்று வாரத்தை எடுத்துக்கொள்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

காரணங்கள் பல. கருப்பை தசையால் ஆனது; அளவுக்கு மேல் விரிந்தால் அந்தத் தசை சுருங்கத் தொடங்கும், கருப்பையின் வாய் நேரத்துக்கு முன்பே தளரும், பனிக்குடம் உடையும். தாய்க்கு இரத்த அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறும் ஆபத்தும் குழந்தைகளின் எண்ணிக்கையோடு கூடுகிறது; அப்போது தாயைக் காப்பாற்ற மருத்துவர்களே பிரசவத்தை முன்கூட்டி நடத்த வேண்டி வருகிறது. நச்சுக்கொடிகள் ஒன்றையொன்று நெருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடமும் இரத்த ஓட்டமும் குறைவதால், ஏறத்தாழ 28-ஆவது வாரத்துக்குப் பிறகு இக்குழந்தைகளின் வளர்ச்சி, ஒற்றைக் குழந்தையின் வளர்ச்சியைவிடப் பின்தங்குகிறது. ஆகவே இவர்கள் முன்னதாகப் பிறப்பது மட்டும் சிக்கல் இல்லை. அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய எடையைவிடவும் குறைவாகச் சிலர் பிறக்கிறார்கள்.

எட்டாம் மாதத்தில் பிறப்பதற்கும் ஏழாம் மாதத்தில் பிறப்பதற்கும் பெரிய வேறுபாடு என்ன என்று ஒருவர் கேட்கலாம். விடை நுரையீரலில் இருக்கிறது. நுரையீரல் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகளின் தொகுப்பு. உட்புறம் ஈரமாக இருக்கும் எந்தச் சிறு பையும் தானாகவே சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். முழு மாதக் குழந்தையின் காற்றுப் பைகளில் சர்பாக்டன்ட் என்னும் கொழுப்புப் பூச்சு இருக்கிறது. அது நீரின் இழுவிசையைக் குறைத்து, மூச்சை விட்ட பின்பும் பைகள் முழுதும் மூடிக்கொள்ளாமல் காக்கிறது. இந்தப் பூச்சு 24-ஆவது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவை எட்டுவது ஏறத்தாழ 35-ஆவது வாரத்தில்தான். 29-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும், பிறந்தவுடன் இழுக்கும் முதல் மூச்சைப் போலப் பெரும் உழைப்பாக இருக்கிறது. சில மணி நேரத்தில் அது களைத்துவிடும்.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் இந்தப் பூச்சு இல்லாமையே என்பதை மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் 1959-இல் காட்டினார். காரணம் தெரிந்தும் மருந்து இல்லாத காலம் அது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்த நோயால் இரண்டே நாளில் இறந்தான். அவன் எடை இரண்டு கிலோவுக்கும் மேல். இன்று அந்த எடையும் வாரமும் உள்ள குழந்தை இறப்பது அரிது. திருப்பம் நியூசிலாந்தில் வந்தது. பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்த கிரகாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டிகள், மூச்சுவிடவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும் மூச்சு விடுவதைக் கண்டார். அவரும் ராஸ் ஹோவியும் தாய்மாருக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவுகள் 1972-இல் வெளிவந்தன. குறைமாதப் பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்தவுடன் தாய்க்குப் போடப்படும் இரண்டு அல்லது நான்கு ஊசிகள், குழந்தையின் நுரையீரலை ஓரிரு நாளில் முதிர்வித்துவிடுகின்றன. 1980-இல் ஜப்பானில் புஜிவாரா என்பவர், சர்பாக்டன்டையே குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்திக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். சிட்னியில் 1971-இல் பிறந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் கிடைத்திருக்க வழியில்லை. காசாபிளாங்காவில் 2021-இல் பிறந்தவர்களின் காலத்தில் இவை வழக்கமான மருத்துவமாகிவிட்டன.

நுரையீரலுக்கு அடுத்து நான் மிகவும் அஞ்சுவது மூளையை. 32-ஆவது வாரத்துக்கு முன் மூளையின் உட்புற நீர்ப்பைகளை ஒட்டிய பகுதியில் இரத்த நாளங்கள் மிக மெல்லியவை. இரத்த அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் கசியக்கூடியவை. இந்தக் கசிவு பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாள்களில் நிகழ்கிறது. அதனால்தான் அந்த நாள்களில் குழந்தையைத் தேவையின்றித் தொடாமல், சத்தமும் வெளிச்சமும் குறைத்து, அசைவைக்கூட அளந்து கவனிக்கிறார்கள். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் செய்தால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சிறு கசிவுகள் பெரும்பாலும் தீங்கின்றி மறைகின்றன. பெரிய கசிவும் அதைச் சுற்றிய திசுச் சேதமும் பிற்காலத்தில் கை, கால் அசைவைப் பாதிக்கும் மூளைவாதத்துக்கு வழிவகுக்கலாம். பிரசவத்துக்குச் சற்று முன் தாய்க்குச் செலுத்தப்படும் மக்னீசியம் சல்பேட் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பது இப்போது நிறுவப்பட்ட உண்மை.

உடல் சூட்டைக் காப்பதும் பெரிய வேலை. ஒரு கிலோக் குழந்தைக்குத் தோலின் அடியில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, தோலும் மெல்லியது, அதன் வழியே நீரும் சூடும் வெளியேறிக்கொண்டே இருக்கும். இன்றும் 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையைத் துடைப்பதற்கு முன்பே, கழுத்துக்குக் கீழ் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் பொதிகிறார்கள். பார்ப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் முதல் பத்து நிமிடத்தில் குளிர்ந்துபோகாமல் இருப்பது, பின்வரும் பல சிக்கல்களைத் தடுக்கிறது.

குடலும் கண்ணும் மற்ற இரண்டு கவலைகள். முதிராத குடலின் சுவர் அழற்சியுற்று அழுகும் நோய் ஒன்று உண்டு. மாவுப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு அது குறைவாகவே வருகிறது. நான்கு குழந்தைகளைப் பெற்ற தாய்க்கு முதல் நாள்களில் நால்வருக்கும் போதிய பால் சுரக்காது என்பது இயல்பே. மற்றத் தாய்மார் தானமாகத் தந்து பதப்படுத்தப்பட்ட பால் அப்போது மருந்துக்கு நிகராகிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது இந்தத் தேவையை உணர்ந்துதான். கண்ணைப் பொறுத்தவரை, முதிராத விழித்திரையின் நாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். ஆக்சிஜனை மிகுதியாகக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம் என்று 1950-களில்தான் புரிந்தது. இந்தியாவில், 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நெறி. நேரத்தில் கண்டால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காக்கலாம். தவறவிட்டால் பெரும்பாலும் மீட்க இயலாது. மூன்று குழந்தைகளோடு அலையும் பெற்றோர் ஒரு குழந்தையின் சந்திப்பைத் தவறவிடுவது எளிதில் நடக்கக்கூடியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவை எந்தக் குறைமாதக் குழந்தைக்கும் பொருந்தும். 32 வாரத்தில் பிறந்த மூவரில் ஒருவரையும், 32 வாரத்தில் பிறந்த ஒற்றைக் குழந்தையையும் ஒப்பிட்டால், இருவரின் நலமும் பெரும்பாலும் ஒத்தே இருக்கிறது. எண்ணிக்கை தன்னளவில் செய்யும் கேட்டைவிட, வாரங்களைக் குறைப்பதன் மூலம் செய்யும் கேடே பெரிது. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு: குழந்தைகள் ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்வது.

தனித்தனி முட்டைகளிலிருந்து உண்டான குழந்தைகளுக்குத் தனித்தனி நச்சுக்கொடி இருக்கும். ஒரே முட்டை பிரிந்து உண்டானவர்கள் பல நேரங்களில் ஒரே நச்சுக்கொடியில் தொங்குகிறார்கள். மூன்று குழந்தைகள் என்றால், இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு மூன்றாமவர் தனியாக இருப்பதும் உண்டு. பகிரும் நச்சுக்கொடிக்குள் இரு குழந்தைகளின் நாளங்களும் இணைந்திருப்பதால், ஒருவரின் இரத்தம் மற்றவருக்குச் சாய்ந்து ஓடத் தொடங்கலாம். கொடுப்பவர் சோகை பிடித்து வளராமல் நிற்பார். பெறுபவரின் இதயம் மிகுதியான இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். கவனிக்காவிட்டால் இருவரையும் இழக்க நேரலாம். கருப்பைக்குள்ளேயே லேசர் கொண்டு அந்த இணைப்புகளை மூடும் சிகிச்சை இன்று இருக்கிறது. ஆனால் எத்தனை நச்சுக்கொடி என்பதை 14-ஆவது வாரத்துக்கு முன் செய்யும் ஸ்கேனில்தான் தெளிவாகக் காண முடியும். பின்னர் சவ்வுகள் நெருக்கமாகிக் குழப்பும். ஆகவே எத்தனை குழந்தைகள் என்று கேட்கும் தாய், எத்தனை நச்சுக்கொடி என்றும் அதே நாளில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சூலில் வளர்ந்தவர்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் 1998 டிசம்பரில் பிறந்த எட்டுக் குழந்தைகள் சான்று. முதல் குழந்தை 8-ஆம் தேதி பிறந்தது. மற்ற எழுவரையும் மேலும் பன்னிரண்டு நாள் கருப்பையிலேயே தாங்கி, 20-ஆம் தேதி பெற்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளுக்காகத் தாய் எவ்வளவு துன்பத்தைப் பொறுத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. எட்டில் மிகச் சிறியது ஏறத்தாழ 300 கிராம் மட்டுமே எடை கொண்டிருந்தது. அது ஒரு வாரத்தில் இறந்தது. மற்ற ஏழும் பிழைத்து வீடு திரும்பின.

இப்போது சில கடினமான எண்கள். அமெரிக்கக் கணக்குகளில், உயிரோடு பிறந்த ஆயிரம் ஒற்றைக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கிறார்கள். இரட்டையரில் இது 24. மூவராகப் பிறந்தவர்களில் 53. நால்வராகப் பிறந்தவர்களில் 96. மூளைவாதம் ஒற்றையரில் ஆயிரத்துக்கு 2-க்கும் குறைவு, இரட்டையரில் 7, மூவரில் 28. இந்த எண்களை இரு கோணத்தில் படிக்க வேண்டும். மூவராகப் பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு 28 என்றால், 972 பேருக்கு மூளைவாதம் இல்லை. அச்சத்தில் உறைந்திருக்கும் பெற்றோர் இதை முதலில் கேட்க வேண்டும். அதே நேரத்தில், இந்த விகிதம் ஒரு குழந்தைக்கானது; குடும்பத்துக்கானது வேறு. ஓர் எளிய கணக்காகச் சொன்னால், ஒவ்வொரு குழந்தையும் பெரிய சிக்கலின்றி வளரும் வாய்ப்பு நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொண்டால், மூவருமே அவ்வாறு வளரும் வாய்ப்பு ஏறத்தாழ 86 ஆகக் குறைகிறது. அயோவாவின் எழுவரும் பிழைத்தனர். உலகில் ஏழு பேரும் பிழைத்த முதல் தொகுதி அவர்கள்தான். அவர்களில் இருவர் மூளைவாதத்தோடு வளர்ந்தார்கள். செய்தித்தாளில் ஏழு சிரிக்கும் முகங்களைப் பார்க்கும் நமக்கு, நடக்கக் கற்றுக்கொள்ள அவ்விருவர் பட்ட பாடு தெரிவதில்லை.

ஐந்து குழந்தைகள் உயிர் பிழைத்த முதல் நிகழ்வாக அறியப்படுவது, 1934 மே 28 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்த டியோன் சகோதரிகள். ஒரே முட்டையிலிருந்து உண்டான ஐந்து பெண்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவர்கள். ஐவரின் எடையையும் கூட்டினாலும் ஆறு கிலோவை ஒட்டித்தான் வந்தது. மின்சாரம் இல்லாத வீடு. பிரம்புக் கூடையில் போர்வைகளுக்கு நடுவே கிடத்தி, அடுப்பின் அருகே வைத்துச் சூடு காத்தார்கள். பின்னர் மண்ணெண்ணெயால் இயங்கும் பழைய இன்குபேட்டர் ஒன்றும், டொரண்டோ நகரத்துத் தாய்மாரின் பாலும் வந்து சேர்ந்தன. சூடு, தாய்ப்பால், தொற்றிலிருந்து விலக்கி வைத்தல் என்ற மூன்றை மட்டுமே கொண்டு ஐவரையும் காத்தார்கள். இந்த மூன்றுக்கும் இன்றும் மாற்று இல்லை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்தது வருந்தத்தக்கது. அரசு அக்குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தன் பொறுப்பில் எடுத்து, அவர்கள் விளையாடுவதைச் சுற்றுலாப் பயணிகள் கண்ணாடித் திரைக்குப் பின்னிருந்து பார்க்க வழி செய்தது. ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் பார்த்துச் சென்றார்கள். வளர்ந்த பின் அச்சகோதரிகள் தம் இழந்த குழந்தைப்பருவத்துக்காக அரசிடம் முறையிட்டு, 1998-இல் 40 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு பெற்றார்கள். குழந்தையின் நலம் என்பதை எடையும் மூச்சும் மட்டும் என்று எண்ணிய காலத்தின் பிழை அது.

மருத்துவமனையில் இன்று என்ன செய்ய முடியும், எது பயனற்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல குழந்தைகளைச் சுமக்கும் தாயை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது தள்ளிப்போவதில்லை என்றும், மாறாகக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருப்பை வாயை எல்லோருக்கும் முன்கூட்டித் தைத்துவைப்பதாலும் பயன் தெரியவில்லை. பயன் உறுதியானவை: முறையான ஸ்கேன்கள், உரிய நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறக்கும் இடம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி வெப்ப மேடை, தனி ஆக்சிஜன் குழாய், மூச்சு கொடுக்கத் தெரிந்த தனிக் குழு வேண்டும். கலிபோர்னியாவில் எட்டுக் குழந்தைகளுக்காக 46 பேர் காத்திருந்தார்கள். பிறந்த பின் ஆம்புலன்ஸில் குழந்தைகளைக் கொண்டுபோவதைவிட, பிறக்கும் முன் தாயையே அத்தகைய இடத்துக்குக் கொண்டுபோவது பாதுகாப்பானது. தாயின் வயிற்றுக்கு நிகரான ஆம்புலன்ஸ் இல்லை. மாலி அரசு அந்தப் பெண்ணைப் பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே விமானத்தில் மொராக்கோவுக்கு அனுப்பியது அதனால்தான். மூன்றோ நான்கோ கருக்கள் இருக்கையில் சிலவற்றைத் தொடக்கத்திலேயே குறைத்து, எஞ்சியவை அதிக வாரம் தங்க வழி செய்யும் முறையும் இருக்கிறது. அது பலருக்கும் தாங்க முடியாத முடிவு. மருத்துவர் விளக்க வேண்டும், தம்பதியர் தீர்மானிக்க வேண்டும், வெளியார் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிறந்த பின் விலை உயர்ந்த கருவிகளோடு போட்டியிடும் ஓர் எளிய முறை, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. கங்காரு பராமரிப்பு என்று நம் மருத்துவமனைகளிலும் சொல்லப்படும் அம்முறையில், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடை கொண்ட குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனேயே தொடங்கியபோது, முதல் 28 நாள் இறப்பு நூற்றுக்கு 15.7-இலிருந்து 12 ஆகக் குறைந்தது. மூன்று குழந்தைகள் என்றால் தாய் ஒருவரால் மட்டும் முடியாது. அப்பாவும் பாட்டியும் சித்தியும் முறை வைத்து மார்பில் சுமக்கலாம். சூடு தர மார்பு யாருடையதானாலும் போதும்.

வீடு திரும்பிய பெற்றோரை மிகவும் வருத்துவது ஒப்பீடு. பக்கத்து வீட்டுக் குழந்தை ஆறு மாதத்தில் புரண்டு படுக்கிறதே, இவர்கள் மூவரும் இன்னும் தலையே நிற்காமல் இருக்கிறார்களே என்ற கலக்கம். இங்கேதான் திருத்திய வயது என்ற கணக்கு உதவுகிறது. பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது அது. 30-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் முந்திவிட்டது. ஆகவே பிறந்து ஆறு மாதம் ஆனபோது அதன் திருத்திய வயது மூன்றரை மாதத்தைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். தலை நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்த வயதைக் கொண்டே அளக்க வேண்டும். தடுப்பூசிகளை மட்டும் பிறந்த தேதிக் கணக்கிலேயே போட வேண்டும். அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

காசாபிளாங்காவின் ஒன்பது குழந்தைகளும் இன்குபேட்டர்களில் மாதங்களைக் கழித்து, பிறகு மருத்துவமனையின் அருகிலேயே செவிலியர் துணையோடு பெற்றோருடன் வாழ்ந்து, 2022 டிசம்பரில் தங்கள் நாட்டுக்குத் திரும்பின. பமாகோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று நாட்காட்டிக் கணக்கில் அவர்களுக்கு 19 மாதம் நிறைந்திருந்தது. திருத்திய கணக்கில் ஏறத்தாழ 17 மாதம்.